கட்டம் போட்ட தாள்

ஏ4 தாள் ஒன்றைப் படுக்கை வாட்டில் வைத்து மேலிருந்து கீழாக ஆறு கோடு இழுத்தால் ஏழு கட்டம் வரும். என்ன நடந்தது, மனசுக்கு எப்படி இருந்தது, அப்போது என்ன தோன்றியது, தோன்றியது சரி என்பதற்கு என்ன ஆதாரம், சரியில்லை என்பதற்கு என்ன ஆதாரம், இரண்டையும் வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது, இப்போது மனசுக்கு எப்படி இருக்கிறது. இவை தலைப்புகள். மதுரையில் மனநல ஆலோசகர் ஒருவரின் மேசை இழுப்பறையைத் திறந்தால் இந்தத் தாளோ இதன் ஒன்றுவிட்ட தம்பியோ கிடைக்க வாய்ப்பு அதிகம். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எடுத்துக் கோடுகள் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். ஆங்கிலத் தலைப்புக்கு மேலே யாரோ பேனாவால் தமிழில் எழுதியிருப்பார்கள்.

ஒருவரைப் பற்றி நம் ஊரில் எழுதப்படும் தாள்களில் பெரும்பாலானவற்றை அந்த ஆள் எழுதுவதே இல்லை. பிறந்ததும் ஜோசியர் பன்னிரண்டு கட்டம் போட்டு நிரப்பிக் கொடுத்துவிடுகிறார். உடம்புக்கு வந்தால் ராஜாஜி ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு, அதில் எழுதியிருப்பது மருந்துக் கடைக்காரருக்கு மட்டும் புரியும். குறை இருந்தால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ். வாசலிலேயே மனு எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நம் துயரத்தைச் சொல்லச் சொல்ல அவர் கை ‘மேற்படி மனுதாரர்’ என்று எழுதிக்கொண்டு போகும். கட்டம் போட்ட இந்தத் தாளோ பேனாவை எதிரே உட்கார்ந்திருப்பவர் பக்கம் தள்ளுகிறது. இந்தத் தாளை அப்படித் தள்ளியவர் ஓர் அமெரிக்கர்.

பிலடெல்பியா, 1950களின் கடைசி. ஆரன் பெக் என்ற இளம் மனநல மருத்துவர் அன்றைய வழக்கப்படி ஃபிராய்டின் வழியில் பயின்றவர். அந்த வழியில் நோயாளி சோபாவில் படுத்துக்கொண்டு மனதில் வருவதையெல்லாம் சொல்வார். மருத்துவர் அவர் கண்ணில் படாமல் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்பார். குறிப்பெடுப்பதும் பொருள் சொல்வதும் மருத்துவர் வேலை. மனச்சோர்வு என்பது பிறர் மேல் வரவேண்டிய கோபம் தன் மேலேயே திரும்புவது என்பது அங்கே பாடம். பெக் அதை நம்பினார்; நம்பியதாலேயே நிரூபித்துவிட ஆசைப்பட்டார். சோர்வில் இருப்பவர்களின் கனவுகளைச் சேகரித்துப் பார்த்தார். கோபம் நிறைய இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் இழப்பும் தோல்வியும்தான் கிடைத்தன. பஸ்ஸை விட்டுவிடுவது, யாரோ தன்னை விட்டுப் போய்விடுவது போன்ற கனவுகள். பாடம் சொன்னது ஒன்று, தாளில் விழுந்தது வேறொன்று.

அந்த நாட்களில் ஒரு பெண் சோபாவில் படுத்தபடி தன் காதல் விவகாரங்களை விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது எப்படி இருக்கிறது என்று பெக் கேட்டார். பதற்றமாக இருக்கிறது என்றார் அவர். அந்தரங்கத்தைச் சொல்வதால் வரும் பதற்றம் என்று பாடப்படி விளக்கம் கொடுத்தார் பெக். கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண், உண்மையில் நான் பேசுவது உங்களுக்குச் சலிப்பாக இருக்குமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன் என்றார். எல்லோரோடும் பேசும்போது அவருக்கு இந்தப் பயம் இருந்தது. பிற்காலத்தில் பெக் பலமுறை சொன்ன கதை இது. வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே அடியில் இன்னொரு பேச்சு ஓடுகிறது. கேட்கும் வரை அது வெளியே வருவதில்லை. அதைக் கேட்டுச் சொல்ல அந்த ஆளைத் தவிர வேறு யாராலும் ஆகாது. மருத்துவரின் கையில் இருந்த பேனா அங்கேதான் பாதி செத்தது.

பெக் நோயாளிகளைச் சோபாவிலிருந்து எழுப்பி எதிரே நாற்காலியில் உட்கார வைத்தார். அடியில் ஓடும் பேச்சை ஒரு பக்கமும் அதற்கு யோசித்துச் சொல்லும் பதிலை எதிர்ப்பக்கமும் எழுதி வரச் சொன்னார். வேலைக்கு நடுவே எழுத முடியாதவர்களுக்கு எண்ணிக்கை மட்டும் போதும்; கோல்ஃப் ஆடுபவர்கள் புள்ளிக் கணக்குக்காகக் கையில் கட்டும் சின்னக் கருவியைக் கட்டிக்கொண்டு, அந்த நினைப்பு வரும்போதெல்லாம் ஒருமுறை அழுத்தச் சொன்னார். அந்தக் கருவி இக்கதையில் இன்னொரு வடிவில் வரப்போகிறது.

கூடவே ஓடிய வேறு ஆறுகளையும் சொல்ல வேண்டும். கார்ல் ரோஜர்ஸ் 1942லேயே ‘நோயாளி’ என்பதை விட்டுவிட்டுக் ‘கிளையண்ட்’ என்று எழுதியவர். வந்தவருக்குத் தன் வழி தெரியும், நாம் கூட நடந்தால் போதும் என்பது அவர் கட்சி. நியூயார்க்கில் ஆல்பர்ட் எல்லிஸ், நடந்தது நம்மைப் படுத்துவதில்லை, நடந்ததைப் பற்றி நாம் நினைப்பதுதான் படுத்துகிறது என்று மேடையேறி முழங்கிக்கொண்டிருந்தார். இதெல்லாம் வள்ளுவரே சொன்னதுதான் என்று ஒரு கூட்டம் கிளம்பும், கிளம்பட்டும். கோடு போட்ட தாளை வள்ளுவர் தரவில்லை.

1977ல் பெக்கின் குழு ஒரு சோதனை வெளியிட்டது. மனச்சோர்வில் இருந்த 41 பேரில் ஒரு பகுதியினருக்கு அன்றைய பெயர்பெற்ற மாத்திரை இமிப்ரமின். மற்றவர்களுக்கு இந்தப் பேச்சும் தாளும். பன்னிரண்டு வாரத்தில் தாள் முந்தியது. பிற்காலச் சோதனைகள் இரண்டும் ஏறக்குறைய சமம் என்ற பக்கம் சாய்ந்தன. ஆனாலும் பேசி எழுதுவது மாத்திரைக்கு எதிரே நிற்க முடியும் என்பதே அன்றைக்குப் பெரிய சேதி. 1979ல் பெக்கும் மூன்று சகாக்களும் எழுதிய மனச்சோர்வு சிகிச்சை நூல் வந்தது. தாள் அதில் முறையாக அச்சேறியது. தேதி, சூழ்நிலை, உணர்ச்சி, தானாக வந்த நினைப்பு, யோசித்த பதில், விளைவு எனக் கட்டங்கள். உணர்ச்சிக்கும் நம்பிக்கைக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண். சிகிச்சை தருபவரும் பெறுபவரும் இரண்டு விஞ்ஞானிகள் மாதிரி உட்கார்ந்து ஒரு நினைப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது நூலின் அடிப்படை. அதே 1979ல் எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர், சிகிச்சை எந்த வகையானாலும் மூன்று விஷயத்தில் இருவரும் ஒத்துப்போக வேண்டும் என்று எழுதினார்: எங்கே போகிறோம், அதற்கு என்ன செய்யப் போகிறோம், நமக்குள் ஒட்டுதல் இருக்கிறதா. ஒட்டுதல் பற்றி எல்லோரும் பேசுவார்கள். முதல் இரண்டையும் வந்தவரிடம் கேட்க வேண்டும் என்பது இன்றும் பல அறைகளில் மறந்துபோகிறது.

அடுத்த வருடமே பெக்கின் மாணவர் டேவிட் பர்ன்ஸ், பொதுவாசகருக்காக எழுதிய புத்தகத்தில் தாளை மூன்று பத்தியாகச் சுருக்கினார். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. தாள் கிளினிக்கை விட்டு வெளியேறிச் சமையலறை மேசைக்கு வந்தது.

புகழ் வந்ததும் கெடுதலும் வந்தது. தாளை நிரப்ப வைப்பது, நிரப்பியதில் ‘தப்பான நினைப்பை’ப் பிடிப்பது, பிடித்ததும் திருத்துவது என்று பள்ளிக்கூட வாத்தியார் வேலையாக அது மாறத் தொடங்கியது. சிகிச்சையாளருக்கு விடை முன்பே தெரியும். வந்தவர் வாயால் அதைச் சொல்ல வைப்பதுதான் பாக்கி. 1993ல் லண்டனில் நடந்த மாநாட்டில் உளவியலாளர் கிறிஸ்டின் படெஸ்கி இதைத்தான் பிடித்து உலுக்கினார். மனதை மாற்றுவது நம் வேலையா, தேடிக் கண்டுபிடிக்கக் கூடப் போவதா? நல்ல கேள்வி என்பது கேட்பவருக்கே விடை தெரியாத கேள்வி என்பது அவர் வாதத்தின் சாரம். 1995ல் அவரும் டென்னிஸ் கிரீன்பெர்கரும் எழுதிய பயிற்சிப் புத்தகத்தில் தாள் ஏழு கட்டமானது. முக்கியமாகச் சேர்ந்தவை இரண்டு: நினைப்புக்கு ஆதரவான ஆதாரம், எதிரான ஆதாரம். ஆதரவான கட்டம் முதலில் வருகிறது. இதை வடிவமைப்பு என்று தள்ளிவிட முடியாது. அது ஒரு மரியாதை. நீ நினைப்பதில் உண்மை இருக்கலாம், முதலில் அதைக் கேட்போம் என்று தாளே சொல்கிறது.

கிழக்கே வரும்போது தாளுக்கு முதல் சோதனை எழுத்து. எழுதத் தெரியாதவரிடம் எழுதி வா என்றால்? பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் அதிஃப் ரஹ்மானும் குழுவினரும் இதை நேருக்கு நேர் சந்தித்தார்கள். கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் சோர்வில் விழும் பெண்களுக்காக, வீடு வீடாகப் போகும் அரசு சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். கட்டங்களுக்குப் பதில் படங்கள் வந்தன. ஒரு தாய் குழந்தையைப் பார்த்தபடி என்ன நினைக்கிறாள் என்று ஒரு படம். வேறு மாதிரி நினைத்தால் எப்படி இருப்பாள் என்று இன்னொரு படம். மாமியாரைப் பகைக்காமல் இருக்க, குழந்தை நலம் என்ற பெயரில் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். 903 தாய்மார்கள் பங்கெடுத்த அந்தச் சோதனையின் முடிவு 2008ல் லான்செட் இதழில் வந்தது. ஆறு மாதத்தில் சோர்வில் இருந்தவர்கள் இந்தப் பக்கம் 23 சதவீதம், பயிற்சி பெறாத பணியாளர்கள் அதே எண்ணிக்கையில் வந்துபோன பக்கம் 53. கோவாவில் விக்ரம் படேலின் சங்கத் அமைப்பு இன்னும் ஒருபடி போனது. படிப்பறிந்த நிபுணர் இல்லாமல் ஊர்க்காரர்களைக் கொண்டே சிகிச்சை தர வேண்டும் என்றதும், நினைப்பைச் சோதிக்கும் கட்டங்களைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, இந்த வாரம் என்ன செய்யலாம் என்ற செயல் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தாள் இளைத்தது. வேலை நடந்தது.

இந்தியாவுக்கு வந்த தாளுக்கு இங்கே ஏற்கெனவே ஓர் உறவுக்காரர் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை அழைத்து மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்க வைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், வீட்டார் ஒருவர் கூடவே இருப்பதை 1950களிலேயே வழக்கமாக்கியது. சேர்ந்து குணமாவது என்பதை நாம் அமெரிக்காவிடமிருந்து கற்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் நம் ‘சேர்ந்து’ என்பதில் குடும்பம் இருந்தது. அந்த ஆள் இருந்தாரா என்பதுதான் சந்தேகம். ‘இவனுக்கு என்ன செய்யுது?’ என்று மருத்துவர் கேட்க, அப்பா பதில் சொல்வார். பையன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். தாள் கேட்பது அந்தப் பையனிடம். இந்த உரசல் இன்றும் தீரவில்லை, தீர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. மதுரையில் குடும்பத்தை வாசலில் நிறுத்திவிட்டு யாரையும் தேற்றிவிட முடியாது.

கேட்கவே கேட்காத இடம் எப்படி இருக்கும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். மாவட்ட மனநலத் திட்டம் 1996ல் நாட்டில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் திருச்சியும் ஒன்று. ஆனால் தெற்கே, கோயிலுக்கும் தர்காவுக்கும் காப்பகத்துக்கும் நடுவில் உட்கார்ந்து பேச இருந்த இடங்கள் அன்றைக்கு மிகச் சில. மதுரையில் மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992ல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை அந்தச் சிலவற்றில் ஒன்று.

கோரிப்பாளையம் தர்காவுக்கும் மேலமடை பாண்டி கோயிலுக்கும் மனசு சரியில்லாதவர்களை அழைத்துப் போகும் வழக்கத்தைப் படித்தவர்கள் கேலி செய்வதுண்டு. நான் கேலி செய்ய மாட்டேன். கோடாங்கி குறி சொல்லும்போது கவனித்தால் தெரியும், அவர் முதலில் சொல்வதில்லை, கேட்கிறார். வீட்டில் யார் யார், எந்தப் பங்காளியோடு பேச்சு இல்லை, எந்த நேர்த்திக்கடன் நின்றுபோனது. கூட்டமே பதில் சொல்கிறது. சிகிச்சைக்கும் இதற்கும் இருக்கும் வேறுபாடு, கடைசியில் முடிவைச் சொல்பவர் யார் என்பதில் இருக்கிறது. ஜஸ்வந்த் சிங் நேக்கி என்ற மனநல மருத்துவர் (பஞ்சாபிக் கவிஞரும்கூட) 1973ல், மேற்கத்திய சமநிலைப் பேச்சு இந்தியருக்கு ஒட்டாது, குரு-சீடன் உறவே இங்கே சிகிச்சைக்கு முன்மாதிரியாகலாம் என்று எழுதினார். அதில் பாதி உண்மை உண்டு. முதல் நாள் வருபவர்களிடம் “இன்னிக்கு எதைப் பேசலாம்?” என்று கேட்டால், “நீங்கதான் சொல்லணும் டாக்டர்” என்பதே பதில். காசையும் வாங்கிக்கொண்டு நம்மையே கேட்கிறாரே, இவருக்கு ஒன்றும் தெரியாதோ என்ற சந்தேகமும் கண்ணில் தெரியும். ஆகவே மதுரையில் பேனாவைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும்.

எப்படி நகர்கிறது என்று ஒரே ஒரு தாளைக் கிட்டத்தில் பார்க்கலாம். இதில் வரும் அக்கா ஒரே ஆள் இல்லை. பலரிடமிருந்து எடுத்துக் கற்பனையும் கலந்து நான் உண்டாக்கிக்கொண்டவர். நாற்பத்தெட்டு வயது, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூ எடுத்துக் கட்டி விற்கும் தொழில், கணவர் இறந்து ஆறு வருடம். தூக்கமில்லை, நெஞ்சடைப்பு என்று இதய டாக்டரைப் பார்த்து, ஈ.சி.ஜி. எல்லாம் சரியாக இருந்து, அங்கிருந்து இங்கே அனுப்பப்பட்டவர். எதிரே முப்பது வயதுப் பெண் ஆலோசகர். இவர் அவரை மேடம் என்கிறார். அவர் இவரை அக்கா என்கிறார்.

“யாரு எழுதட்டும்கா?”

“எனக்குக் கணக்கெழுதத்தான் தெரியும் மேடம். நீங்க எழுதி வாசிச்சுக் காட்டுங்க.”

முதல் கட்டம் நிரம்பியது. தம்பி மகளுக்குச் சடங்கு. ஆலாத்தி எடுக்கிறது அத்தை முறை. மேடைக்கு இவரைக் கூப்பிடவில்லை. ஒன்றுவிட்ட அக்காளைக் கூப்பிட்டார்கள். பத்திரிகையும் நேரில் வைக்கவில்லை, போனில் சொன்னதுதான்.

இரண்டாவது கட்டத்தில் தாள் கேட்பது உணர்ச்சி. அக்கா சொன்னது உடம்பு: நெஞ்சு அடைச்சுச்சு, கை உதறுச்சு, சோறு இறங்கலை. அந்தக் கட்டத்துக்கு இது போதும். வருத்தமா கோபமா என்று பிரித்துச் சொல்லுங்கள் என்று வற்புறுத்துவது ஆலோசகரின் வசதிக்குத்தான். அடுத்து எண். நூற்றுக்கு எவ்வளவு என்றதும் அக்கா விழித்தார். பிறகு அவரே வழி கண்டுபிடித்தார்.

“மல்லி ரேட்டு மாதிரி சொல்லட்டுமா? சாதா நாள்ல ஐநூறு. அன்னிக்கு மூவாயிரத்துல நின்னுச்சு.”

ஆலோசகர் 3000 என்று எழுதினார். பிலடெல்பியாவில் நூறுக்கு மேல் எண் கிடையாது. முகூர்த்த நாளில் மதுரை மல்லி எந்த உயரத்துக்கும் போகும். அந்த அளவுகோலில் அக்காவுக்குக் கைப்பழக்கம் உண்டு. அவருக்குத் தெரிந்த ஏற்ற இறக்கத்தில் அளந்தால்தான் அடுத்த வாரம் இறங்கியதா என்பதும் அவருக்கே தெரியும்.

மூன்றாவது கட்டம்தான் இந்தத் தாளின் நெஞ்சு. என்ன தோன்றியது? “என்னைய ஒதுக்கிட்டானுக” என்றார். அவசரக்காரர் இங்கேயே பேனாவை எடுத்து, அப்படியெல்லாம் இருக்காது, தம்பி வேலை மும்முரத்தில் மறந்திருப்பார் என்று ஆறாவது கட்டத்துக்குத் தாவியிருப்பார். அது பொய். கணவரை இழந்தவரை மேடையில் ஏற்றாத ஊர் இது. அவரை ஒதுக்கியது உண்மை. உண்மையான நினைப்பைத் திருத்த முயலும் தாளைவிட ஜோசியர் கட்டமே மேல். ஆலோசகர் நான்காவது கட்டத்தில் அவர் சொன்ன ஆதாரத்தை எல்லாம் அப்படியே எழுதினார்: போனில் அழைப்பு, வேறொரு கை ஆலாத்தி, போட்டோவிலும் இல்லை. எழுதிவிட்டு, இதில் எது ரொம்பச் சுடுகிறது என்று மட்டும் கேட்டார்.

நீண்ட நேரம் கழித்து வந்தது பதில். “அவனுக ஒதுக்குனதுகூடப் பெருசில்ல மேடம். நான் தொட்டா அந்தப் புள்ளைக்கு ஆகாதோன்னு எனக்கே தோணிருச்சு. நானே ரெண்டடி பின்னால போயி நின்னுக்கிட்டேன்.”

இதுதான் அடியில் ஓடிய பேச்சு. பெக்கின் சோபாவில் அந்தப் பெண் சொன்னது போல, யாரும் யூகித்திருக்க முடியாதது. ஒதுக்கியது ஊர். ‘நான் ஆகாதவள்’ என்பது அவர் மனசு அதற்குப் போட்ட கையெழுத்து. முதலாவதைத் தாளில் தீர்க்க முடியாது. இரண்டாவதைச் சோதிக்கலாம்.

ஆலோசகர் கேட்டது ஒரு சாதாரணக் கேள்வி: “இந்த வாரம் நீங்க கட்டின பூவெல்லாம் எங்கெங்கக்கா போச்சு?” அக்கா விரல் மடக்கினார். ரெண்டு கல்யாண மண்டபம். ஒரு வளைகாப்பு. மாடக்குளத்தில் ஒரு காதுகுத்து. தினம் கோயிலுக்கு. விரல் நின்றது. “அன்னிக்கு அவனுக மேடையில தொங்குனதும் நம்ம கடைச் சரந்தான்.” சிரித்தார்; சிரிப்பிலேயே அழுதார். அந்தப் பிள்ளையின் தலையில் இருந்த பூவும் அவர் கட்டியது. ஐந்தாவது கட்டம் நிரம்பியது. ஆறாவதில் அவர் சொன்னது: “ஆகாத கைன்னா பூவும் ஆகாதுல்ல?” ஏழாவதில் ஆயிரத்து எண்ணூறு. ஐநூறுக்கு இறங்கவில்லை. ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டது என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

பாக்கி ஆயிரத்து எண்ணூறு உண்மையின் விலை. அதற்கு ஏழு கட்டத்தில் இடம் இல்லை. தாளின் ஓரத்தில் ஆலோசகர் ஏழாவதாக ஒரு கோடு இழுத்து எட்டாவது கட்டம் உண்டாக்கினார்: என்ன செய்யப் போகிறோம்? தம்பியிடம் உட்கார்ந்து பேசுவார் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம், பாடப் புத்தகங்களுக்கு அதுதான் பிடிக்கும். அக்கா சொன்னது: “அடுத்த விசேஷத்துக்குப் பூவை வேற கடையில வாங்கிக்கச் சொல்லப் போறேன்.” ஆலோசகர் ஒரு கணம் தயங்கி, அதை அதே வார்த்தையில் எழுதினார். சேர்ந்து செய்யும் சிகிச்சை என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, அதன் விலை இதுதான். வந்தவர் நமக்குப் பிடிக்காத முடிவை எடுக்கும்போது கை அதை எழுத வேண்டும்.

தாளை வீட்டுக்குக் கொண்டுபோக அக்கா மறுத்தார். மருமகள் வாசித்துவிடுவாள். தனியறையும் பூட்டும் இல்லாத வீட்டில் எழுத்து என்பது ஆபத்து. இதை எந்தப் பயிற்சிப் புத்தகமும் போதுமான அளவு சொல்வதில்லை. அதனால் வீட்டுவேலையை இருவரும் வேறு மாதிரி வைத்துக்கொண்டார்கள். பூக் கட்டும்போது மடியில் தனியாக ஒரு வாழைநார். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் ஒரு முடிச்சு. கோல்ஃப்காரர்களின் கைக்கருவி இப்படித்தான் வைகைக் கரைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த வாரம் வந்த நாரில், விடிகாலை மார்க்கெட் நேரத்தில் முடிச்சே இல்லை. பிற்பகல் தனியாக இருக்கும் நேரத்தில் நெருக்கம். இருவரும் நாரை மேசையில் நீட்டி வைத்துப் பார்த்தார்கள். பிற்பகலில் என்ன செய்யலாம் என்பது அடுத்த பேச்சு.

இந்தத் தாளை இப்போது போனிலும் நிரப்பலாம். பெங்களூரின் வைசா போன்ற செயலிகள் பெக்கின் கேள்விகளைத்தான் உரையாடலாகக் கேட்கின்றன. அமெரிக்காவில் 2017ல் பேரெடுத்த வோபாட் அதே வேலையைச் செய்தது. 2025 ஜூனில் அந்தச் செயலி மூடப்பட்டது. நள்ளிரவில் பக்கத்தில் யாருமில்லாதவருக்கு அவற்றால் பயன் உண்டு, மறுக்கவில்லை. 2022ல் தொடங்கிய 14416 எண்ணில், தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில், ஒரு மனிதக் குரலே கிடைக்கிறது என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். தாள் யாருடையது என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்ததோடு, தன் சிகிச்சைக் குறிப்புகளைப் பார்க்கும் உரிமையையும், பின்னால் மனசு தவறினால் எனக்கு எப்படிச் சிகிச்சை செய்ய வேண்டும், எப்படிச் செய்யக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையையும் கொடுத்திருக்கிறது. பேனாவைத் தள்ளும் வேலையைச் சட்டமும் செய்திருக்கிறது. எழுதி வைத்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

நம் அக்கா தன் உரிமையைக் கேட்கவில்லை. தாள் கோப்பிலேயே இருக்கட்டும் என்றுவிட்டார். சில வாரம் கழித்து வந்தபோது, தூக்கம் பரவாயில்லை, தம்பி வீட்டு விசேஷம் வந்தால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கிளம்பும்போது வாசலில் நின்று, மருமகள் ராத்திரியெல்லாம் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருப்பதாகச் சொன்னார்.

“அவளுக்கு ஒரு தாள் குடுங்க மேடம். பன்னெண்டாவது படிச்ச புள்ள. அவளே எழுதிக்கிருவா. நான் வாசிக்க மாட்டேன்.”